அம்பாசிடர் 1986 பெட்ரோல்: சீரான வேகத்தில் மட்டும் விட்டு விட்டு வெட்டுகிறது, காரணம் என்னவாக இருக்கும்?

கீழக்கரை அம்பாசிடர்

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். வாப்பா 1986இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4 இன்றும் எங்கள் வீட்டில் ஓட்டத்தில் இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் எஸ்.யு. வகைக் கார்புரேட்டர், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும், பாயின்ட் (திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்று எல்லாம் பழைய அமைப்புதான். எலக்ட்ரானிக் பாகம் எதையும் நாங்கள் சேர்க்கவில்லை.

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி நோக்கிப் போகும்போது, வண்டி ஐம்பத்தைந்து அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடத் தொடங்கிய பிறகு, எஞ்சின் திடீரென்று வெட்டுகிறது. யாரோ சாவியை அணைத்து அணைத்துப் போடுவது போல இருக்கும். சில நொடிகளில் தானாகவே சரியாகிவிடும். பிறகு சிக்கல் என்ற ஊர் வரைக்கும் ஒன்றும் இருக்காது, அல்லது அடுத்த வளைவுக்குள்ளேயே மறுபடியும் வரும். ஊருக்குள் ஓட்டும்போது ஒருநாளும் வந்ததில்லை. நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரைக் கொடுத்துப் பார்த்தாலும் வருவதில்லை. காலையில் புறப்பட்டவுடன் வருவது அரிது என்றாலும், சூடான பிறகுதான் வரும் என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை.

பிளக், பாயின்ட், அதோடு சேர்ந்த கண்டன்சர், பொறிக்கு வோல்ட்டை உயர்த்தும் காயில் ஆகிய நான்கும் புதிதாகப் போடப்பட்டுவிட்டன. பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கழுவி, பில்டரையும் மாற்றியாயிற்று. இராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தபோது, மெக்கானிக் அரண்மனை, பேருந்து நிலையம் என்று ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வண்டியில் கோளாறே இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் ஓட்டிய இடத்தில் கோளாறு இல்லை என்பது உண்மைதான். இனி எந்தப் பாகத்தை மாற்றுவது என்று கேட்பதைவிட, எதை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்துகொள்ளவே இங்கு எழுதுகிறேன்.

தொண்டி ஓட்டுநர்

காக்கா, என் கணிப்பு பெட்ரோல் பக்கம்தான். இப்போது பம்பில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். நம் கடற்கரையில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. அரை டாங்க் பெட்ரோலோடு வாரக்கணக்கில் நிற்கும் பழைய வண்டிகளில் இந்தத் தொல்லை வரும். அதோடு 1986இல் செய்த ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பின் டயாபிரமும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உள்ளே உப்பிப்போய்த் துகளாக உதிர்ந்து, அந்தத் துகள் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் மிதவை அறையின் ஊசியில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தால், நீங்கள் சொல்வது போல வந்து வந்து போகும். டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெட்டும் நேரத்தில் மூடியைத் திறந்தவுடன் காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் விஷயம் அதோடு முடிந்தது.

உச்சிப்புளிக்காரன்

அண்ணன், பாயின்ட் செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் கிட் ஒன்றை மாட்டிவிடுங்கள். இந்தத் தலைவலி எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

எலக்ட்ரானிக் கிட் நல்ல பொருள்தான். அதை நான் பழிக்கவில்லை. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதை மாட்டினால், கோளாறு அந்தக் கிட்டுக்கு வெளியே இருக்கும் பட்சத்தில், பணமும் போய், பழைய வண்டியில் புதிய சந்தேகம் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். காயிலும் கண்டன்சரும் மாற்றியதில் ஏற்கெனவே அதுதான் நடந்திருக்கிறது. பழைய காயிலையும் பழைய கண்டன்சரையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், தம்பி. இப்போது கடையில் கிடைக்கும் கண்டன்சர்களைவிட உங்கள் பழையது நன்றாக இருந்திருக்கக்கூடும்.

விட்டு விட்டு வரும் கோளாற்றில் முதலில் செய்ய வேண்டியது, வெட்டும் அந்தச் சில நொடிகளில் எஞ்சினுக்குப் பெட்ரோல் வரவில்லையா, அல்லது கரண்ட் வரவில்லையா என்று பிரிப்பதுதான். வண்டி நன்றாக ஓடும்போது எதைக் கழற்றிப் பார்த்தாலும் அது நன்றாகத்தான் இருக்கும். ஆகவே சோதனை சாலையில் நடக்க வேண்டும், கோளாறு வரும் வேகத்தில் நடக்க வேண்டும்.

அதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் தேவை. வெட்டத் தொடங்கியவுடன் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினால் என்ன ஆகிறது, கூடுகிறதா, தெளிகிறதா? காலை முழுவதும் எடுத்துவிட்டால் என்ன ஆகிறது? வெட்டு மெதுவாக வலுவிழந்து வருகிறதா, அல்லது சட்டென்று அறுந்து சட்டென்று சேர்கிறதா? திரும்பச் சேரும்போது சைலன்சரில் 'டப்' என்று வெடிச் சத்தம் வருகிறதா, அல்லது கார்புரேட்டர் பக்கம் தும்மல் கேட்கிறதா? மேட்டில் ஏறும்போது வருகிறதா?

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், பெட்ரோல் பற்றாக்குறையாக இருந்தால் பெரும்பாலும் தேவை கூடக்கூடக் கோளாறும் கூடும். வேகமாகவும் சுமையோடும் போகும்போதுதான் எஞ்சின் அதிகமாகக் குடிக்கிறது. அடைப்பு இருந்தால் அப்போதுதான் அது தன்னைக் காட்டும். மிதவை அறையில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இருப்பதால், அது வற்றும்போது எஞ்சின் தளர்ந்து தளர்ந்து விழும், திரும்ப வரும்போதும் இழுத்துக்கொண்டே வரும். கரண்ட் அறுபடும்போது தளர்ச்சி என்பதே கிடையாது. இருக்கும், அல்லது இருக்காது. அந்த நேரத்தில் எரியாமல் வெளியேறிய கலவை சூடான சைலன்சருக்குள் தேங்கி, கரண்ட் திரும்ப வந்தவுடன் அங்கே வெடிக்கும். நீங்கள் சாவியை அணைத்துப் போடுவது போல என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியான வருணனையாக இருந்தால், என் சந்தேகம் தொண்டித் தம்பியின் பக்கம் போகாது.

கீழக்கரை அம்பாசிடர்

ஐயா, கேட்டவற்றைக் கவனித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வெட்டும் நேரத்தில் ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தினால் உடனே தெளிந்துவிடுகிறது. காலை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாலும் தெளிகிறது. பாதியில், ஒரே அளவில் பிடித்திருந்தால் மட்டும் தொடர்கிறது. சட்டென்று அறுந்து சட்டென்றுதான் சேர்கிறது. சில சமயம் சைலன்சரில் வெடிச் சத்தமும் வருகிறது. கார்புரேட்டரில் தும்மல் இல்லை.

மேட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை என்பதால், இராமேசுவரம் போகும் வேலை ஒன்று வந்தபோது பாம்பன் சாலைப் பாலத்தில் கவனித்தேன். பாலத்தில் ஏறும்போது வெட்டவே இல்லை. உச்சியைத் தாண்டி, லேசாக மிதித்தபடி இறங்கும்போது வந்தது.

தொண்டி ஓட்டுநர்

இதை வைத்துக்கொண்டு கரண்ட் என்று முடிவு கட்ட வேண்டாம், ஐயா. லேசாக மிதித்து ஒரே அளவில் ஓட்டும்போது கலவை மெலிந்துபோனாலும் வண்டி இழுத்து விட்டு இழுத்து விட்டுப் போகும். அப்போதும் ஆக்சிலேட்டரை அழுத்தினால் தெளியத்தான் செய்யும். எஸ்.யு. கார்புரேட்டரில் மேலே உள்ள பிஸ்டன் தன் அறைக்குள் சிக்கிக்கொண்டு நின்றால் அப்படி வரும். கலவை எஞ்சினுக்குள் போகும் மேனிபோல்டின் கேஸ்கெட்டில் காற்றுக் கசிந்தாலும் வரும். மேட்டில் வராமல் இறக்கத்தில் வருவது இரண்டுக்கும் பொருந்துகிறது.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

நியாயமான மறுப்பு. அழுத்தினால் தெளிகிறது என்ற ஒரே அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் சமம்தான். சைலன்சர் வெடிச் சத்தத்தைச் சேர்த்தால்தான் தராசு கொஞ்சம் கரண்ட் பக்கம் சாய்கிறது. ஆகவே இரண்டையும் பிரிக்கும் சோதனையைச் செய்துவிடலாம்.

பெட்ரோல் பக்கத்துக்கு: வண்டி நிற்கும்போது, கார்புரேட்டரின் பிஸ்டனை அடியிலிருந்து விரலால் தூக்கி விடுங்கள். அது தடையில்லாமல் இறங்கி, அடியில் 'டக்' என்று உட்கார வேண்டும். மேலே உள்ள, பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் டாம்பரில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு சாலையில் வெட்டு வரும்போது சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். கலவை மெலிந்ததுதான் காரணம் என்றால், சோக் இழுத்தவுடன் வெட்டு குறையும். குறையாவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம்.

கரண்ட் பக்கத்துக்கு: ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை மின்னும் டைமிங் லைட் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், கம்பியின் மேல் கவ்வும் வகையாக இருக்க வேண்டும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் கம்பியில் கவ்வியை மாட்டி, ஒயர் நசுங்காதபடி பானட்டைச் சாத்தி, விளக்கை உள்ளே கொண்டுவந்து பக்கத்து இருக்கையில் இருப்பவர் பிடித்துக்கொள்ளட்டும். ஓட்டுபவர் அதைப் பார்க்கவே கூடாது. அந்த வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று சுற்றுகிறது என்று வைத்தால், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 4,800 பொறி. விளக்கு விடாமல் எரிவது போலவே தெரியும். வெட்டும் நொடியில் விளக்கும் விட்டு விட்டு எரிந்தால் பொறி உண்டாகவே இல்லை என்று பொருள். விளக்கு சீராக எரிந்துகொண்டே எஞ்சின் வெட்டினால், ஒன்று பெட்ரோல் பக்கம், அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுழலும் ரோட்டார், பிளக் கம்பி ஆகியவற்றில் எங்கோ கரண்ட் வழிதவறிப் போகிறது.

பாம்பன் விசைப்படகு

நான் படகு எஞ்சின் வேலை செய்பவன். எங்களுடையது டீசல், பிளக்கும் கிடையாது, பாயின்ட்டும் கிடையாது. எஞ்சின் இப்படி வெட்டினால் நாங்கள் முதலில் பார்ப்பது குழாயில் காற்றுப் பிடித்திருக்கிறதா என்பதைத்தான். அதற்காக உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் நடுவில் போட்டுக் குமிழ் ஓடுகிறதா என்று பார்ப்போம், அல்லது தனிக் கேனிலிருந்து டீசல் கொடுத்து ஓட்டிப் பார்ப்போம். ஆனால் காக்கா, இந்தக் கேன் வித்தையைப் பெட்ரோல் வண்டியில் ஓடும்போது செய்து பார்க்காதீர்கள். சூடான எஞ்சின் பக்கத்தில் திறந்த பெட்ரோல் இருப்பது விபரீதம்.

உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இரும்பும் பிற உலோகங்களும் கடற்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று சோதித்துப் பார்க்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா அல்ல. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதும் அரிப்பினால்தான். பாலத்துக்கே அந்தக் கதி என்றால், மயிரிழை மயிரிழையாகச் செம்பு முறுக்கிய ஒரு சின்ன ஒயர் என்ன பாடுபடும்? படகில் ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை, விளக்கு மங்குகிறது என்று அழைத்தால், பாதிக்கு மேல் நான் சரிசெய்வது எர்த் ஒயரைத்தான். வெளியே பார்த்தால் உறை நன்றாக இருக்கும். உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பொடியாக இருக்கும். ஆகவே பாட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் எர்த்தை முதலில் பாருங்கள். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் தொட்டுக்கொண்டு ஸ்டார்ட்டரை இழுக்கச் சொல்லுங்கள். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அங்கே வேலை இருக்கிறது.

சாயல்குடிப் பனைமரம்

டைமிங் லைட் எல்லாம் எங்கே தேடுவது? பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காயிலில் பாயின்ட் பக்கமுள்ள சி.பி. முனையிலும் மறுமுனையை எர்த்திலும் கொடுத்து, பல்பை உள்ளே கொண்டுவந்து பார்த்துக்கொண்டே ஓட்டலாமே? பாயின்ட் திறந்து மூடுவது தெரியும்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

ஓடும் எஞ்சினில் அப்படிச் செய்ய வேண்டாம். பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலின் முதல் சுற்றில் சில நூறு வோல்ட் எழும்ப வேண்டும். அப்போதுதான் இரண்டாம் சுற்றில் பிளக்குக்குத் தேவையான ஆயிரக்கணக்கான வோல்ட் கிடைக்கும். பாயின்ட்டுக்குக் குறுக்கே பல்பைக் கொடுத்தால் அந்தச் சக்தியைப் பல்பே தின்றுவிடும். இல்லாத கோளாறு ஒன்றை நாமே உண்டாக்கியதாக ஆகும். அதே பல்பைக் காயிலில் சாவிப் பக்கமுள்ள எஸ்.டபிள்யூ. முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்தால் தீங்கு ஒன்றுமில்லை. சாவியிலிருந்து காயில் வரை கரண்ட் வருகிறதா என்பதை அது காட்டும். பழைய வண்டிகளில் சாவித் துவாரம் தேய்ந்து, கொத்துச் சாவியின் பளுவில் உள்ளே தொடர்பு அறுந்து அறுந்து சேர்வதும் உண்டு என்பதால், டைமிங் லைட்டோடு இந்தப் பல்பையும் சேர்த்தே மாட்டிவிடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தால் பாதி வழியைக் கடந்துவிடலாம்.

கீழக்கரை அம்பாசிடர்

திருப்புல்லாணியில் ஒரு நண்பரிடம் டைமிங் லைட் கிடைத்தது. எர்த் அளந்ததில் கால் வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டியது. கார்புரேட்டர் பிஸ்டன் ஒழுங்காக இறங்கி 'டக்' என்று உட்காருகிறது. டாம்பர் எண்ணெய் குறைந்திருந்ததை நிரப்பினேன்.

ஏர்வாடி தாண்டி வெட்டு வந்தது. சோக்கை இழுத்தும் மாறவில்லை. புகை மட்டும் கறுத்தது. பல்பு ஒரு கண்சிமிட்டல்கூட இல்லாமல் எரிந்துகொண்டே இருந்தது. ஆனால் டைமிங் லைட் வெட்டோடு சேர்ந்து வெட்டியது. எஞ்சின் தெளிந்தவுடன் அதுவும் தெளிந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. டாங்க் மூடியைத் திறந்து பார்த்தேன், காற்று இழுக்கும் சத்தமும் இல்லை.

தொண்டி ஓட்டுநர்

சரி, பெட்ரோல் பக்கத்தை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் புதுக் காயில், புதுப் பாயின்ட், புதுக் கண்டன்சர், சாவியிலிருந்து கரண்டும் வருகிறது. மிச்சம் என்ன இருக்கிறது?

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

மிச்சம் இருப்பது, யாரும் புதிதாக வாங்காத இரண்டு சின்ன ஒயர்கள். அவை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்குச் சந்தேகம் வரக் காரணம், உங்கள் வண்டி எப்போது வெட்டுகிறது என்பதைவிட, எப்போதெல்லாம் வெட்டவில்லை என்பதுதான்.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் வட்டமான தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குக் கார்புரேட்டரிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வரும். அதுதான் வாக்குவம் அட்வான்ஸ். அந்தக் குழாய் கார்புரேட்டரில் தொடங்கும் துளை, ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டில் தகடு மூடியிருக்கையில் அதன் விளிம்பை ஒட்டி, எஞ்சினுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஐடிலில் தகடு மூடியிருப்பதால் அந்தத் துளைக்கு உறிஞ்சல் எட்டாது. லேசாக மிதித்தவுடன் தகடு துளையைத் தாண்டித் திறக்கிறது. எஞ்சினின் உறிஞ்சல் முழுவதும் குழாய்க்குள் வருகிறது. நன்றாக மிதித்துத் தகடு அகலத் திறந்தால் உறிஞ்சலே குறைந்துபோகிறது. ஆகவே அந்தப் பெட்டி மிகுந்த வேலை செய்வது, சமதரையில், லேசான மிதியில், சீரான வேகத்தில்தான். ஏர்வாடியிலிருந்து சாயல்குடி வரையுள்ள நேரான சாலை அப்படிப்பட்டது. இராமநாதபுரம் அரண்மனைத் தெரு அப்படிப்பட்டது அல்ல. பாலத்தில் ஏறும்போது மிதி அதிகம், உறிஞ்சல் குறைவு, இறங்கும்போது நேர்மாறு.

இனி அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பாருங்கள். பாயின்ட் திருகியிருக்கும் தகட்டை அது சில டிகிரி திருப்புகிறது. பொறி சற்று முன்னதாக விழுகிறது. தகடு திரும்பும்போதெல்லாம் இரண்டு ஒயர்கள் அதனோடு வளைகின்றன. ஒன்று, வெளியிலுள்ள முனையிலிருந்து பாயின்ட்டுக்கு வரும் ஒயர். மற்றது, தகட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்குப் போகும் எர்த் ஒயர். பாயின்ட் மூடும்போது காயிலின் கரண்ட் முழுவதும் இந்த எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அது அறுந்துபோனாலும் வண்டி நின்றுவிடாது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தகடு உட்கார்ந்திருக்கும் உராய்வுப் பரப்பு வழியாகக் கரண்ட் எப்படியோ திரும்பிக்கொண்டிருக்கும். அந்தப் பரப்பில் பழைய கிரீஸும், கடற்காற்று உண்டாக்கிய பச்சையும் இருப்பதால், தகடு ஓரிடத்தில் நின்றால் தொடும், வேறோர் இடத்தில் நின்றால் தொடாது.

சோதனை எளிது. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வாக்குவம் குழாயைக் கழற்றி, அதன் வாயை ஒரு திருகாணியால் அடைத்துவிட்டு, வழக்கமான சாலையில் வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். வண்டி கொஞ்சம் மந்தமாக இருக்கும், பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். சோதனைக்கு அது பரவாயில்லை. வெட்டு வராமல் போனால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையைப் பாயின்ட் தகட்டிலும் மறுமுனையை எஞ்சினிலும் தொட்டுக்கொண்டு, அந்தப் பெட்டியின் குழாயை வாயால் உறிஞ்சுங்கள். சாவி அணைந்திருக்க வேண்டும். தகடு திரும்பும், மீட்டர் அசையக் கூடாது. பிறகு இதையே அடுத்த ஒயருக்கும் செய்யுங்கள்.

உச்சிப்புளிக்காரன்

ஐயா, அப்படியானால் நான் சொன்ன எலக்ட்ரானிக் கிட்டை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

கிட்டின் வகையைப் பொறுத்தது. பாயின்ட் இருந்த இடத்தில் உட்காரும் வகைகள் பலவும் அதே தகட்டில்தான் உட்காரும். அவற்றில் சில எர்த்தையும் அந்தத் தகட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒன்றாக இருந்தால் வெட்டு அப்படியே தொடர்ந்திருக்கும், நீங்கள் கிட் விற்றவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

கீழக்கரை அம்பாசிடர்

குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுச் சாயல்குடி வரை போய்த் திரும்பினேன். வெட்டு ஓரிடத்திலும் வரவில்லை. நம்ப மனம் வராமல், திரும்பும் வழியில் வாலிநோக்கம் விலக்கில் நிறுத்திக் குழாயை மறுபடி மாட்டினேன். ஏர்வாடி வருவதற்குள் வந்துவிட்டது.

வீட்டில் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். பாயின்ட்டுக்கு வரும் ஒயர் நன்றாக இருக்கிறது. எர்த் ஒயரைப் பார்த்தபோது, நூலுறை போட்டது, முழுதாகத்தான் தெரிந்தது. ஆனால் மீட்டரை வைத்து மச்சான் உறிஞ்சியபோது, பூஜ்யத்தை ஒட்டி நின்ற எண் திடீரென்று எங்கோ ஓடியது, பிறகு திரும்பியது, மறுபடி ஓடியது. ஒயரை ஊசி மூக்குக் குறடால் லேசாக இழுத்தவுடன், திருகாணிக்குப் பக்கத்தில் உறையோடு கழன்று கையில் வந்துவிட்டது. பாம்பன் அண்ணன் சொன்னபடி உள்ளே பச்சைப் பொடிதான்.

இப்போது என்ன ஒயர் போடுவது? வீட்டு ஒயரிங் ஒயர் கைவசம் இருக்கிறது.

பாம்பன் விசைப்படகு

வீட்டு ஒயர் வேண்டாம். அது விறைப்பானது, தகட்டைத் திரும்பவிடாமல் பிடிக்கும், இல்லையென்றால் சீக்கிரமே வெட்டுப்பட்டுப் போகும். மீட்டரின் சோதனைக் கம்பியில் வருவது போல, நிறைய மெல்லிய இழைகள் கொண்ட வளையும் ஒயராகப் பாருங்கள். ஈயம் வைக்கும்போது முனையில் மட்டும் வையுங்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறி மேலேறினால் அந்த இடம் கம்பியாக இறுகி, முதலில் அங்கேதான் ஒடியும். தகடு இரு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்குத் தொய்வு இருக்க வேண்டும், ஆனால் சுழலும் தண்டில் உரசவும் கூடாது. திருகாணி இறுக்கும் இடத்தைச் சுரண்டி மினுக்கிவிட்டு இறுக்கி, அதன் மேல் வாசலின் கொஞ்சம் தடவிவிடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் மணலும் உப்பும் பானட்டுக்குள் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

வாசலின் திருகாணியின் மேல் மட்டும். பாயின்ட் முகத்துக்கு எண்ணெய்ப் பசை ஆகாது, அங்கே பட்டால் கரிந்து வேறு கோளாறு வரும். தகட்டைக் கழற்றியிருப்பதால், அடியிலுள்ள உராய்வுப் பரப்பையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். திரும்ப மாட்டியபின் பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள்.

கீழக்கரை அம்பாசிடர்

புது ஒயர் போட்டாயிற்று. உறிஞ்சினாலும் விட்டாலும் மீட்டர் அசையவில்லை. சாலையில் வெட்டு அறவே இல்லை. ஆனால் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, ஐயா: நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சினில் 'கடகட' என்று தட்டுகிறது. முன்பு இப்படி இல்லை.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

பட்டறையில் பாயின்ட் மாற்றியபோது டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தைத் தொட்டிருப்பார்கள். வெட்டும் வண்டியைச் சுறுசுறுப்பாக்க டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பது வழக்கம்தான். தகடு ஒழுங்காகத் திரும்பாமல் இருந்தவரை அது வெளியே தெரிந்திருக்காது. பரப்பைத் துடைத்தபின் தடையில்லாமல் திரும்புவதால், அதிகப்படியாக வைத்தது இப்போது தட்டலாகக் கேட்கிறது. தட்டலோடு நெடுந்தூரம் ஓட்டாதீர்கள், பிஸ்டனுக்கு நல்லதல்ல.

சாயல்குடித் தம்பியின் பல்பு இதற்குத்தான் உதவும். எஞ்சின் ஓடாமல் நிற்க, பல்பைக் காயிலின் சி.பி. முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுங்கள். எஞ்சினைக் கையால் அதன் வழக்கமான திசையில் சுற்றி, முதல் சிலிண்டரின் அழுத்த நேரத்தில், கப்பியிலுள்ள குறியைக் கையேட்டில் சொல்லியிருக்கும் டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் இறுக்கத்தைத் தளர்த்தி, பல்பு அணைந்திருக்கும் நிலையிலிருந்து மெதுவாகத் திருப்பி, அது எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள். பாயின்ட் திறக்கும் இடம் அதுதான். வேலை முடிந்தவுடன் சாவியை அணைத்துவிடுங்கள். பாயின்ட் மூடிய நிலையில் சாவி போட்டே கிடந்தால் காயில் சுட்டுப்போகும்.

கீழக்கரை அம்பாசிடர்

பல்பு வைத்துப் பார்த்ததில், டிஸ்ட்ரிபியூட்டர் உண்மையிலேயே முன்னால் தள்ளித்தான் வைக்கப்பட்டிருந்தது. கையேட்டின்படி வைத்து இறுக்கிவிட்டேன். தட்டல் போய்விட்டது. நேற்று இராமேசுவரம் போனபோது பாம்பன் பாலத்தில் நான்காவது கியரிலேயே ஏற்றிப் பார்த்தேன், சத்தம் இல்லை. இறக்கத்தில் வெட்டும் இல்லை.

பழைய காயிலையும் கண்டன்சரையும் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. புதியவற்றை ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறேன். தகடு முழுவதும் பழையது என்பதால், மதுரையில் பழைய சாமான் கடைகளில் ஒன்று தேடச் சொல்லியிருக்கிறேன். உங்களில் யாரிடமாவது உபரியாக இருந்தால் தெரிவியுங்கள்.

தொண்டி ஓட்டுநர்

எங்கள் பெட்ரோல் ஜீப் ஒன்றின் டிஸ்ட்ரிபியூட்டர் பரணில் கிடக்கிறது. தகடு ஒரே அளவுதானா என்று பார்க்க வேண்டும். உங்களுடையதன் விட்டத்தையும் பாயின்ட் திருகாணித் துளைகளின் இடைவெளியையும் அளந்து எழுதுங்கள், காக்கா. பொருந்தினால் தேவிபட்டினம் வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.